தொண்டு நிறுவனத்தின் கொள்வனவில் கட்டாய உழைப்பு நுழையாமல் தடுப்பது: திருகோணமலை நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுக் கொடையாளர் ஒப்பந்தத்தோடு ஒரு கேள்வியும் அனுப்புவார்: உங்கள் வழங்கல் சங்கிலியில் நவீன அடிமைத்தனம் நுழையாமலிருக்க என்ன செய்கிறீர்கள்? வழங்கல் சங்கிலி என்றால் நீங்கள் வாங்கும் பொருளும் சேவையும் உங்களிடம் வரும்வரை அதில் உழைக்கும் எல்லாரும்; நவீன அடிமைத்தனம் என்றால் இங்கே முக்கியமாகக் கட்டாய உழைப்பு. பல அலுவலகங்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான். யாரோ ஒருவர் ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்கையை இணையத்தில் எடுப்பார், பெயரை மாற்றுவார், தலைவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்பிவிடுவார். தாள் கோப்புக்குப் போய்விடும். மூதூரில் கட்டிய கழிவறைக்குச் செங்கல் அறுத்தவரின் கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த வழிகாட்டியில் அந்தத் தாள் கடைசியில்தான் வரும். ஐந்து பேரோ முப்பது பேரோ வேலை செய்யும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தனியாகக் கொள்வனவுப் பிரிவு இல்லாத இடங்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் என்று ஒவ்வொரு படியிலும் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: எதைத் தேடுகிறோம்?

1930 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க சர்வதேசத் தொழில் சமவாயம் கட்டாய உழைப்பை இரண்டு அடையாளங்களால் வரையறுக்கிறது. வேலை செய்பவர் தானாக விரும்பி வரவில்லை. செய்யாவிட்டால் ஏதோ ஒரு தண்டனை வரும் என்ற அச்சம் இருக்கிறது. இலங்கை இதை 1950 இல் ஏற்றுக்கொண்டது. தண்டனை என்றால் அடி உதை மட்டுமல்ல. நிலுவைச் சம்பளத்தைத் தரமாட்டேன் என்பதும் தண்டனை. அடையாள அட்டையைத் திருப்பித் தராததும், கடனை இன்றைக்கே கட்டு என்று வீட்டுக்கு ஆள் அனுப்புவதும் அப்படியே.

குறைந்த சம்பளம் மட்டும் இருந்தால் அது சட்டமீறல், ஆனால் இந்த வரையறைக்குள் வராது. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். குறைந்த கூலியைக் கண்டதும் ‘அடிமைத்தனம்’ என்று அறிக்கை எழுதினால் வழங்குநர் கதவை மூடிவிடுவார். கடனில் கட்டுண்டவரைக் கண்டுவிட்டு ‘இது இங்கே வழமைதானே’ என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

கையில் இருக்க வேண்டியவை: கடந்த பன்னிரண்டு மாதக் கொடுப்பனவு வவுச்சர்கள், சில்லறைக் காசேடு, நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள். பொறுப்பெடுக்க அலுவலகத்தில் ஒருவரும் நிர்வாக சபையில் ஒருவரும் வேண்டும். களத்துக்குப் போகும் குழுவில் சிங்களம் பேசக்கூடிய ஒருவரும் ஒரு பெண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். கந்தளாய், சேருவில பக்கத்து வேலையாட்களிடமும், பருவத்துக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து கரையோர மீன்பிடி வாடிகளில் தங்குபவர்களிடமும் தமிழில் மட்டும் பேசினால் முதலாளியே மொழிபெயர்ப்பாளராகிவிடுவார்.

1. முதலில் நிர்வாக சபையிடம் மூன்று முடிவுகளை வாங்குங்கள்

ஒரு பிரச்சினை கண்டுபிடிக்கப்பட்டால் கொடுப்பனவை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு? தொழிலாளருக்கு உரிய கூலி போய்ச் சேர, விலை சற்றுக் கூடினாலும் ஏற்பதா? தகவல் சொன்னவரின் பெயர் யாருக்கெல்லாம் தெரியலாம்?

இந்த மூன்றுக்கும் பதில் கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. களத்தில் ஒன்றைக் கண்டுவிட்டு வந்த இளம் உத்தியோகத்தர் கணக்காளரிடம் போவார். கணக்காளர் பணிப்பாளரிடம் அனுப்புவார். பணிப்பாளர் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருப்பார். அதற்குள் அந்தத் தொழிலாளர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருப்பார்.

2. சொந்த வீட்டைப் பாருங்கள்

வெளியே போய்க் கேள்வி கேட்குமுன் உங்கள் அலுவலகத்தைப் பாருங்கள். ‘தொண்டர்’ என்ற பெயரில் முழுநேரமும் வேலை செய்து, போக்குவரத்துக் காசு மட்டும் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? துப்புரவு செய்யும் அம்மாவுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? அது பொருந்தும் நிறுவனங்களில் ஊழியர் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும்.

காவலாளி ஒரு கம்பனி மூலம் வந்தால், அவருக்கு எத்தனை மணி நேர வேலை, கையில் எவ்வளவு கிடைக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். தினமும் உங்கள் வாசலைத் திறந்துவிடும் அந்த மனிதரும் உங்கள் வழங்கல் சங்கிலியில் இருப்பவர்தான்.

3. வவுச்சரிலிருந்து பட்டியல் போடுங்கள்

பதிவு செய்த வழங்குநர் பட்டியலைத் திறந்து அதிலிருந்தே தொடங்குவது வழமையான தவறு. அந்தப் பட்டியலில் பெரிய கடைகள்தான் இருக்கும். ஆபத்து அதிகமுள்ள வேலைகள் சில்லறைக் காசேட்டிலும், ‘கூலி’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்த வவுச்சர்களிலும் இருக்கும்.

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் நான்கு விடயங்கள் எழுதுங்கள்: என்ன வாங்கினோம், யாரிடம், அந்தப் பொருளை அல்லது வேலையை உண்மையில் செய்தது யார், எங்கே. மூன்றாவதற்குப் பல இடங்களில் பதில் தெரியாது. தெரியாததைத் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அந்த வெற்றிடங்கள்தான் அடுத்த படிக்கான வழிகாட்டி.

கட்டட வேலையை ஒப்பந்தகாரரிடம் கொடுத்திருந்தால் ஒரே வரியில் முடிக்காதீர்கள். மேசன், கையாள், செங்கல், மணல், கம்பி, மரம், லொறி எல்லாவற்றையும் பிரித்து எழுதுங்கள். ஒப்பந்தகாரர் நல்லவராக இருக்கலாம். அவர் மணல் வாங்கும் இடம் உங்களுக்குத் தெரியாது.

4. பணத்தின் அளவால் அல்ல, ஆபத்தின் அளவால் வரிசைப்படுத்துங்கள்

கணக்குப் பார்ப்பவர்கள் பெரிய தொகையிலிருந்து தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் வாகனக் கொள்வனவு முதலிடத்துக்கு வரும், செங்கல் பின்னுக்குப் போகும். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். வேலை ஒதுக்குப்புறத்தில் நடக்கிறதா? வேலையாட்கள் அங்கேயே தங்குகிறார்களா? முற்பணம் கொடுத்து ஆள் எடுக்கும் பழக்கம் உள்ளதா? இடையில் தரகர் இருக்கிறாரா? பருவ வேலையா? ஆம் என்ற பதில் கூடக் கூட அந்த வரியை மேலே ஏற்றுங்கள்.

திருகோணமலையில் இயங்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பெரும்பாலும் மேலே வருபவை: செங்கல், மகாவலி ஆற்று மணல், கருவாடு, தையல், காவல் சேவை, கட்டட உதவியாட்கள். மணலுக்கு ஒரு வசதி உண்டு. அகழவும் கொண்டுசெல்லவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். களவாக அள்ளும் இடத்தில் காயப்பட்டாலும் கூலி கிடைக்காவிட்டாலும் தொழிலாளர் எங்கும் போய் முறையிட முடியாது.

தூரத்துப் பொருட்களையும் குறித்து வையுங்கள். மலேசியாவில் செய்யப்பட்ட இறப்பர் கையுறைகள் சிலவற்றை 2020 இல் அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. அவற்றைச் செய்தவர்களில் பலர் ஆட்சேர்ப்புக் கட்டணத்துக்காகக் கடன்பட்டு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சூரிய மின்தகடுகளில் சேரும் சிலிக்கனில் சீனாவின் சின்ஜியாங் பிராந்தியத்து உற்பத்தி பற்றிய கேள்வி இருக்கிறது. அங்கிருந்து வரும் பொருட்கள் கட்டாய உழைப்பால் ஆனவை என்றே கருதித் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 2021 இல் இயற்றியது.

இவற்றை உங்களால் போய்ப் பார்க்க முடியாது. இறக்குமதியாளரிடம் உற்பத்தி செய்த நாட்டையும் தொழிற்சாலையையும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். மாற்று இருந்தால் மாறுங்கள். ஆனால் இருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பக்கத்தில் உள்ளவற்றுக்கே கொடுங்கள் என்பது என் கருத்து. செங்கல் சூளைக்கு நீங்கள் நேரில் போகலாம், முகம் பார்த்துக் கேட்கலாம், மாற்றவும் முடியும்.

5. அறிகுறிகளை ஊர்ப் பேச்சில் கற்றுக்கொள்ளுங்கள்

சர்வதேசத் தொழில் அமைப்பு பதினொரு அறிகுறிகளைச் சொல்கிறது: இயலாமையைப் பயன்படுத்துதல், ஏமாற்றுதல், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துதல், தனிமைப்படுத்துதல், உடல் அல்லது பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாள ஆவணத்தைப் பிடித்துவைத்தல், சம்பளத்தை நிறுத்திவைத்தல், கடனில் கட்டிவைத்தல், மோசமான வேலை அல்லது தங்குமிட நிலை, அளவு மீறிய மேலதிக நேரம். இதைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. நம் பகுதியில் இவை எந்த உருவத்தில் வரும் என்று குழு உட்கார்ந்து பேச வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முற்பணம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் சூளை வேலை நின்றுவிடும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார்கள். மழை முடிந்து வேலை தொடங்கும்போது கூலியில் கழிப்பார்கள். இது இரு பக்கத்துக்கும் உதவும் ஏற்பாடாகவும் இருக்கலாம், கழுத்தில் விழுந்த கயிறாகவும் இருக்கலாம். கரைவலைக்கும் படகுக்கும் ஆள் எடுக்கும்போதும் இதே கதைதான்.

வேறுபாட்டைக் காண நான்கு கேள்விகள் போதும். கணக்குக் கொப்பி தொழிலாளரிடமும் இருக்கிறதா? ஒரு பருவம் முழுக்க உழைத்தும் கடன் குறைந்ததா, கூடியதா? வேறு இடத்தில் வேலை செய்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா? அவர் நோய்ப்பட்டால் மனைவியோ மகனோ அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அது கடன்கட்டு உழைப்பு. தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவின் கீழ் அது குற்றம்.

வயதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 2021 இல் குறைந்தபட்ச வேலை வயது 14 இலிருந்து 16 ஆனது. ஆபத்தான வேலைக்கு 18. ‘பள்ளிக்கூட லீவுக்கு அப்பாவோடு வந்தவன்’ என்ற பதிலைக் கேட்டால் பாடசாலை தவணை நாட்களில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

6. விலையைக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதைத்தான். மூன்று விலைமனு வாங்கி மிகக் குறைந்ததைத் தெரிவு செய்கிறோம். அந்தக் குறைந்த விலை யாருடைய கூலியிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2024 இல் மாதம் 17,500 ரூபாவாக இருந்தது, 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000, நாட்கூலி 1,200. தொகை மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பெரிய கொள்வனவுக்கும் முன் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சில தொழில்களுக்குச் சம்பளச் சபை தனியாகத் தொகை நிர்ணயித்திருக்கும், அதையும் கேளுங்கள்.

ஓர் உதாரணம். நானூறு பாடசாலைச் சீருடை தைக்க வேண்டும். ஒருவர் நாளுக்கு நான்கு தைப்பார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆள்நாள் தேவை. 1,200 வீதம் 120,000 ரூபா. இரு நிதிகளுக்குமான முதலாளி பங்கு 15 சதவீதம் சேர்த்தால் 138,000. ஒரு சீருடைக்குத் தையற்கூலி மட்டும் 345 ரூபா வருகிறது. துணி, நூல், மின்சாரம், கடை வாடகை எதுவும் இதில் இல்லை. தையலுக்கு 250 ரூபா என்று ஒருவர் விலைமனு தந்தால், எப்படி முடிகிறது என்று கேட்க வேண்டியது உங்கள் கடமை. அவருடைய ஆட்கள் வேகமாகத் தைப்பவர்களாக இருக்கலாம். இரவு பதினொரு மணிவரை தைக்கிறவர்களாகவும் இருக்கலாம்.

நாட்களையும் இதே முறையில் பாருங்கள். ஐந்து பேர் உள்ள கடைக்கு அந்த நானூறும் இருபது வேலைநாள் வேலை. நிதி தாமதமாக வந்தது, பாடசாலை திறக்கப்போகிறது என்று பத்து நாளில் கேட்டால், அளவு மீறிய மேலதிக நேரத்தை நீங்களே கட்டளையிட்டு வாங்குகிறீர்கள்.

7. வழங்குநரோடு முகம்பார்த்துப் பேசுங்கள்

அறுபது கேள்விகள் கொண்ட ஆங்கிலப் படிவத்தை அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று அடையாளமிட்டுத் திரும்பி வரும். கடைக்குப் போய், அவர் மொழியில், பரபரப்பில்லாத நேரத்தில் பேசுங்கள். ‘அண்ணே, உங்களைச் சந்தேகப்பட்டு வரவில்லை. இனி எங்களுக்குப் பொருள் தருகிற எல்லாரிடமும் இதைக் கேட்கிறோம்’ என்று தொடங்கினால் பேச்சு நடக்கும்.

ஆட்களை எப்படி எடுக்கிறார், முற்பணம் கொடுக்கிறாரா, எப்போது சம்பளம் கொடுக்கிறார், அடையாள அட்டையை வாங்கி வைக்கிறாரா, வேலையை வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். பிறகு அவர் உங்களிடம் கேட்கட்டும். அநேகமாகக் கேட்பது இதுவாக இருக்கும்: ‘நீங்கள் மூன்று மாதம் கழித்துக் காசு தந்தால் நான் எப்படி வெள்ளிக்கிழமை கூலி கொடுப்பது?’ நியாயமான கேள்வி. பதிலோடு போங்கள்.

8. ஒப்பந்தத்தில் இரு பக்கக் கடமையும் எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்; தமிழிலோ சிங்களத்திலோ, அவருக்கு வாசிக்க முடிந்த மொழியில். வழங்குநரின் கடமைகள்: ஆவணங்களைப் பிடித்து வைப்பதில்லை, வேலைக்கு எடுக்கக் கட்டணம் வாங்குவதில்லை, முற்பணத்துக்கு வட்டி இல்லை, கணக்கின் பிரதி தொழிலாளரிடம் இருக்கும், 16 வயதுக்குக் குறைந்தவர் இல்லை, வேலையைப் பிறருக்குக் கொடுத்தால் முன்கூட்டிச் சொல்வது, தொழிலாளரோடு தனியாகப் பேச அனுமதிப்பது.

உங்கள் கடமைகள்: சிட்டை கிடைத்து 14 நாளில் கொடுப்பனவு, சிறிய வழங்குநருக்கு ஒரு பகுதி முன்பணம், கடைசி நேரத்தில் ஓடர் அளவை மாற்றாதிருத்தல். இரண்டாவது பகுதி இல்லாத ஒப்பந்தம் சுமையை மேலிருந்து கீழே தள்ளிவிடும். அது போய் விழுவது கடைசியில் நிற்கும் கூலியாள் மேல்.

9. களத்துக்குப் போங்கள்

செங்கல் சூளையை மழைக்காலத்தில் பார்த்துப் பயனில்லை. வேலை நடக்கும் மாதத்தில், முடிந்தால் சம்பளம் கொடுக்கும் நாளில் போங்கள். யார் கையில் காசு போகிறது என்று கண்ணால் காணலாம். குடும்பமாக வேலை செய்யும் இடத்தில் மனைவிக்குத் தனியாகக் கூலி உண்டா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

தொழிலாளரோடு தேநீர் நேரத்தில், மேற்பார்வையாளர் காதுக்கு எட்டாத தூரத்தில் பேசுங்கள். பெண்களிடம் பெண் உத்தியோகத்தர் பேசட்டும். ஒருவரை மட்டும் தனியே அழைக்காதீர்கள், பிறகு அவர்தான் சொன்னார் என்று ஆகிவிடும். பலரிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். அங்கே வைத்துப் பெயர் எழுத வேண்டாம். படம் எடுக்கவே வேண்டாம்; முகநூலில் போடுவதற்காக எடுத்த ஒரு படம் போதும், ஒருவருடைய வேலை போவதற்கு.

‘இங்கே பிரச்சினை இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘ஊருக்கு ஒரு கிழமை போய்வர வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?’, ‘அடையாள அட்டை இப்போது எங்கே இருக்கிறது?’, ‘போன பருவக் கணக்கு முடிந்ததா?’ என்று கேளுங்கள். தங்கும் இடத்தையும் பாருங்கள்: தண்ணீர், கழிவறை, உள்ளிருந்து பூட்டும் கதவு.

10. முறைப்பாட்டுக்கு ஒரு வழி திறந்து வையுங்கள்

அலுவலக வாசலில் பெட்டி வைப்பதால் எதுவும் வராது. ஈச்சிலம்பற்றில் இருந்து ஒருவர் நகரத்துக்கு வந்து கடிதம் போடப்போவதில்லை. ஒரு தொலைபேசி இலக்கம், அதை எடுக்கப் பயிற்சி பெற்ற ஒரு பெண், வேலையிடத்தில் இரு மொழியிலும் ஓர் அறிவிப்பு. கூடவே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிகளுக்கும் சொல்லி வையுங்கள். ஊரில் யாருக்கு எங்கே கடன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்களை நம்பாதவர்களுக்காக அரச இலக்கங்களையும் அதே அறிவிப்பில் போடுங்கள்: சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸ் அவசர அழைப்புக்கு 119.

11. ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால்

உடனே ஒப்பந்தத்தை முறிப்பதுதான் புதியவர்களின் முதல் எண்ணம். நிறுவனத்தின் பெயர் தப்பும். தொழிலாளர் கடனோடும் கோபமான முதலாளியோடும் தனியே விடப்படுவார். முறிப்பதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் ஆபத்தின் அளவைப் பாருங்கள். அடி, பூட்டி வைத்தல், பாலியல் துன்புறுத்தல், சிறுவர் என்றால் அன்றைக்கே பொலிஸுக்கு அல்லது 1929க்கு அறிவிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். நீங்களே வானைக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி வராதீர்கள். ஆட்கடத்தல் தொடர்பிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு பேசும்; ஆதாரத்தைக் கையாள வேண்டியவர்கள் பொலிஸார்.

உடனடி ஆபத்து இல்லாவிட்டால், வளர்ந்தவர் விடயத்தில் அவர் விருப்பத்தைக் கேளுங்கள். வழக்கு வேண்டுமா, நிலுவை மட்டும் வேண்டுமா, வேலை தொடர வேண்டுமா? அவர் சம்மதத்தோடுதான் அடுத்த அடி. சம்பளமும் நிதிகளும் என்றால் தொழில் திணைக்களம். வழக்குச் செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. இரண்டையும் திருகோணமலையிலேயே அணுகலாம்.

பிறகு வழங்குநரோடு ஒரு திருத்தத் திட்டம் எழுதுங்கள்: அட்டை இன்றே திரும்ப வேண்டும், வட்டி நீக்கப்பட வேண்டும், பிழையாகக் கழித்த கூலி இந்தத் திகதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். அதற்கு உங்கள் பங்கு என்ன என்பதும் அதே தாளில் வர வேண்டும். உங்கள் தாமதக் கொடுப்பனவு காரணமென்றால் அதை முதலில் தீருங்கள். திகதி கடந்தும் எதுவும் நடக்கவில்லை, அல்லது தகவல் சொன்னவர் பழிவாங்கப்பட்டார் என்றால் ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். நிறுத்தும்போது அங்கு வேலை செய்தவர்களின் கடைசிக் கூலி கொடுபட்டதா என்று பார்த்து நிறுத்துங்கள்.

12. இப்போது அறிக்கையை எழுதுங்கள்

கொடையாளர் கேட்ட தாளுக்கு இப்போதுதான் வருகிறோம். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 36 மில்லியன் பவுண் வருமானமுள்ள நிறுவனங்களுக்கும், அவுஸ்திரேலியாவின் 2018 ஆம் ஆண்டுச் சட்டம் 100 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வருமானமுள்ளவற்றுக்கும் ஆண்டு அறிக்கையைக் கட்டாயமாக்கின. திருகோணமலையில் உள்ள சிறிய நிறுவனத்தை இவை நேரடியாகக் கட்டுப்படுத்தா. ஆனால் அந்தக் கொடையாளருக்கு நீங்கள்தான் வழங்கல் சங்கிலி. அவர் உங்களைக் கேட்பது அதனால்தான்.

‘எங்கள் வழங்கல் சங்கிலியில் நவீன அடிமைத்தனம் இல்லை’ என்று எழுதாதீர்கள். யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள கொடையாளர் அந்த வரியைக் கண்டால் யாரும் தேடவில்லை என்றுதான் புரிந்துகொள்வார். இரண்டு பக்கம் போதும்: என்ன வாங்குகிறோம், எவை ஆபத்தானவை என்று கண்டோம், எங்கே போய்ப் பார்த்தோம், என்ன கண்டோம், என்ன மாறியது, எதை இன்னும் பார்க்கவில்லை. தொழிலாளரையோ வழங்குநரையோ அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. சிறிய ஊரில் பெயர் மட்டுமல்ல, ‘வெருகல் பக்கத்துச் சூளை’ என்பதே அடையாளம்தான்.

அடுத்த நிதித் திட்டம் எழுதும்போது இந்த வேலைக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்: களப் பயணம், மொழி தெரிந்தவருக்கான கொடுப்பனவு, நியாயமான கூலியால் கூடும் விலை வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தர மறுக்கும் கொடையாளரிடம் ஆறாம் படியில் போட்ட கணக்கை அப்படியே இணைத்து அனுப்புங்கள்.